ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ரோபோ!

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு சௌகரியம். 'பிசிறு' என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டாம். அச்சிலிருந்து வந்து விழும் பிளாஸ்டிக் சாமானின் ஓரத்தில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருக்குமே வேண்டாத விளிம்பு, அதுதான். அதைச் சீவி எடுப்பதற்கென்றே ஷிப்டுக்கு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எட்டு மணி நேரம் பிசிறு சீவிவிட்டு, பஸ் பிடித்து, ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மறுபடியும் ஒரு கட்டரை எடுத்துக்கொண்டு பிசிறு சீவ உட்காருகிற மனிதரை என்ன சொல்வீர்கள்?

'முத்திப்போச்சு' என்பீர்கள். அவசரப்படாதீர்கள். அவர் ரோபோ கட்டுகிறார்!

நிஜ ரோபோ இல்லை. மாவு அரைக்காது, துணி துவைக்காது, 'எந்திரன்' சிட்டி மாதிரி ஐஸ்வர்யா ராயைக் காதலிக்காது. வெறும் பிளாஸ்டிக். உயரம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அட்டைப் பெட்டியைத் திறந்தால் ரோபோவையே காணோம். ஜன்னல் கம்பி மாதிரி சில பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் திராட்சைக் கொத்தாகத் தொங்கும் குட்டிக் குட்டித் துண்டுகள், கூடவே ஒரு படப் புத்தகம். அவ்வளவுதான் சரக்கு. கை, கால், தலை எல்லாம் நாமே வெட்டி, நாமே மாட்டி, நாமே நிற்க வைக்க வேண்டும்.

ஜப்பானில் இதற்குப் பெயர் 'கன்ப்ளா'. 'கண்டம்' என்ற டி.வி. தொடரில் வந்த ரோபோக்களின் பிளாஸ்டிக் மாடல் என்பதைச் சுருக்கியிருக்கிறார்கள். (ஜாதகத்தில் வருகிற கண்டம் வேறே. இந்தக் கண்டம் பர்ஸுக்கு மட்டும்தான்.)

ஊத்திக்கொண்ட தொடர்!

1979 ஏப்ரலில் ஜப்பான் டி.வி.யில் 'மொபைல் சூட் கண்டம்' என்ற கார்ட்டூன் தொடர் ஆரம்பமானது. இயக்கியவர் யோஷியுகி டோமினோ. அதுவரை அங்கே கார்ட்டூன் ரோபோ என்றால் காவல் தெய்வம் மாதிரி. கூப்பிட்டால் வரும், கெட்டவனைப் போட்டு உதைக்கும், போய்விடும். டோமினோவின் ரோபோ அப்படி இல்லை. அது ஒரு யுத்த வண்டி. உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். குண்டு தீர்ந்துபோகும். ரிப்பேர் ஆகும். ஆர்.எக்ஸ்.78-2 என்று மாடல் நம்பர் வேறே! எதிரிப் படையின் ரோபோக்களோ தொழிற்சாலையில் வரிசையாக உற்பத்தியாகி வருகிற சரக்கு. டாங்கித் தொழிற்சாலையைப் பார்த்து வளர்ந்த ஆவடிக்காரர்களுக்கு இதெல்லாம் சட்டென்று புரிந்திருக்கும்.

ஜப்பான் வாண்டுகளுக்குப் புரியவில்லை. ஸ்பான்சர் செய்த பொம்மைக் கம்பெனி எதிர்பார்த்த அளவுக்கு வியாபாரம் நடக்கவில்லை. 52 வாரம் ஓட வேண்டிய தொடரை 43 வாரத்தோடு, 1980 ஜனவரியில் மூட்டை கட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. மறு ஒளிபரப்பில் கொஞ்சம் பெரிய பையன்கள் தொடரைப் பிடித்துக்கொண்டார்கள். 1980 ஜூலையில் பண்டாய் கம்பெனி 300 யென் விலையில் முதல் ரோபோ கிட்டைக் கடைக்கு அனுப்பியது. அளவு 1/144. அதாவது 12 அடியை 1 அங்குலமாகச் சுருக்குகிற கணக்கு. கதையில் 18 மீட்டர் உயரம் நிற்கிற ராட்சசன், மேஜை மேல் பன்னிரண்டரை சென்டிமீட்டர் ஆகிவிடுவான். அந்த கிட்டில் எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்ட வேண்டும். பெயின்ட்டும் நாமேதான் அடித்துக்கொள்ள வேண்டும். அப்படியும் பிய்த்துக்கொண்டு போனது. 2021-க்குள் எழுபது கோடி கிட்டுகளைத் தாண்டிவிட்டார்கள். ஊத்திக்கொண்ட தொடரைத் தூக்கி நிறுத்தியது அதன் பொம்மைதான்!

தச்சர்கள் ஊர்

இந்த கிட்டுகளின் பூர்வீகம் ஷிசுவோகா. பண்டாயின் மாடல் தொழிற்சாலை 2006-ல் திறக்கப்பட்டது அங்கேதான். டமியா, அயோஷிமா என்று ஜப்பானின் பெரிய மாடல் கம்பெனிகள் பலவற்றுக்கும் அந்த வட்டாரம்தான் தாய்வீடு. ஏன் ஒரே ஊரில் இத்தனை? பழைய காலத்தில் கோயில் வேலைக்கு வந்த தச்சர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்கிறார்கள். மரவேலை ஊர்த் தொழிலானது. மர சாமான் மரப் பொம்மையானது. அது மர விமானம், மரக் கப்பல் மாடல் என்று வளர்ந்தது. யுத்தத்துக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்ததும் மரத்தைக் கீழே வைத்துவிட்டு பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்தார்கள். சாமான் மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை.

டமியாவே 1946-ல் மரக்கடையாக ஆரம்பித்த கம்பெனிதான். பிளாஸ்டிக்குக்கு மாறிய புதிதில் ஜெர்மன் 'பேந்தர்' டாங்கிக்கு மாடல் போட்டார்கள். உள்ளே மோட்டாரும் பாட்டரியும் வைக்க இடம் வேண்டுமே? பாட்டரிக்குத் தகுந்த மாதிரி டாங்கியின் உடம்பை அமைத்தார்கள். அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட 1/35! இன்றைக்கு உலகம் பூராவும் டாங்கி மாடல்களுக்கு அதுதான் பிரபலமான அளவு. சாஸ்திரம் ஒன்றுமில்லை, பாட்டரி செய்த உபயம்.

நம்ம அம்பத்தூரும் சளைத்த ஊரில்லை. 1949-லேயே சைக்கிள் கம்பெனி வந்த இடம். அறுபதுகளில் எஸ்டேட் வந்தது. டயர் கம்பெனி வந்தது, இழுத்து மூடவும் பட்டது. ஆனால் பஸ் கண்டக்டருக்கு இன்னமும் அந்த ஸ்டாப் 'டன்லப்'தான். லேத்து, டை, மோல்டு என்று சின்னச் சின்ன ஷெட்டுகளில் எத்தனையோ கைகள் தேறியிருக்கின்றன. பிளாஸ்டிக் படிப்புக்கென்றே கிண்டியில் 1968-லிருந்து 'சிப்பெட்' இருக்கிறது. ஆகவே ரோபோ பெட்டியைப் பார்த்தால் மிரளாமல், 'எப்படிடா பண்ணினான்?' என்று கேட்கிற தகுதி நமக்கு உண்டு.

டை மேக்கர் கண்ணுக்கு...

ஒரு டை மேக்கர் கையில் இந்தச் சட்டத்தைக் கொடுத்துப் பாருங்கள். ரோபோவைப் பார்க்க மாட்டார். டியூப் லைட் வெளிச்சத்தில் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் தேடுவது பிசிறை. கிடைக்காது!

விஷயம் இதுதான். கிட்டின் பெரும்பகுதி பாலிஸ்டைரின். பழைய ஆடியோ கேசட் டப்பா ஞாபகமிருக்கிறதா? அதே ஜாதி. சுமார் 200 டிகிரி சூட்டில் பாகாக உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தில் பீச்சுவார்கள். பாகு ஓடுகிற வழிதான் ரன்னர், அதாவது அந்த ஜன்னல் கம்பி. ரன்னரும் சாமானும் தொட்டுக்கொள்கிற இடம் கேட். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும். 100 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். இந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சைக் கொஞ்சம் பெரிதாக வெட்ட வேண்டும்.

அரை மில்லி என்ன பிரமாதம் என்று கேட்கக்கூடாது. இப்போதைய கிட்டில் பசையே கிடையாது. ஒன்றில் முளை, இன்னொன்றில் துளை. அழுத்தினால் 'டிக்' என்று உட்கார வேண்டும். முளை மயிரிழை பெருத்தால் உடையும், இளைத்தால் ரோபோ கையை நீட்டும்போது கை கழன்று விழும். நூற்றுச் சொச்சம் துண்டுகளும் அப்படி உட்கார வேண்டும், லட்சமாவது பெட்டியிலும்! போதாக்குறைக்கு ஒரே சட்டத்தில் வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நாலு கலரையும் வார்த்துவிடுகிறார்கள். பெயின்ட் அடிக்காமலே ரோபோ கலராக எழுந்து நிற்பது அதனால்தான்.

நம் ஊரில் ஏன் இதைச் செய்யவில்லை? கையில்லாமல் அல்ல. இந்த மாதிரி எஃகு அச்சுக்கு லட்சம் லட்சமாகக் கொட்ட வேண்டும். அதைத் திருப்பி எடுக்க ஏராளமான பெட்டிகள் விற்றாக வேண்டும். அத்தனை பேர் வாங்குவார்கள் என்று தைரியம் கொடுக்க ஒரு கதை வேண்டும். அவர்களுக்கு ஒரு டோமினோ கிடைத்தார். நமக்கு சுஜாதாவின் ஜீனோ கிடைத்தது. அந்த நாய்க்குட்டிக்கு யாரும் டை போடவில்லை!

எஸ்டேட் ஆசாமிக்கு இதில் இன்னொரு ருசி இருக்கிறது. பகல் பூரா அவர் தட்டுகிற கிளிப்பு எந்தக் காரில், எந்த மூலையில் போய் உட்காருகிறது என்று அவருக்குத் தெரியாது. காரையும் பார்க்க மாட்டார். ஆபீஸ் ஆசாமி நிலைமை இன்னும் மோசம். ஃபைல் வருகிறது, போகிறது. மெயில் வருகிறது, போகிறது. முப்பது வருஷம் கழித்து ரிட்டயர் ஆகும்போது 'இதை நான் பண்ணினேன்' என்று தொட்டுக் காட்ட ஒரு பொருள் இருக்காது. மேஜை மேல் முழங்கால் மடக்கி நிற்கிற இந்தப் பயலை மட்டும் தலையிலிருந்து கால் வரைக்கும் நாமே பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறோம். அச்சு எவனோ போட்டது, சரி. கடைசி வெட்டு நம்முடையது.

கத்துக்குட்டி கவனத்துக்கு

முதலில் ரகம். எச்.ஜி. என்பது 1990-ல் வந்தது, பெரும்பாலும் 1/144 அளவு. ஆரம்பிப்பவர்களுக்கு அதுவே போதும். மூன்று நாலு மணி நேர வேலை. எம்.ஜி. 1995-ல் வந்தது (கூட 'ஆர்' இல்லை, வெறும் எம்.ஜி.தான்). 1/100 அளவு, 18 சென்டிமீட்டர் உயரம், உள்ளே எலும்புக்கூடு எல்லாம் இருக்கும். பி.ஜி. 1998-ல் வந்தது. 1/60 அளவு, 30 சென்டிமீட்டர் உயரம். முதுகலைப் பட்டம் மாதிரிதான், செலவும் அப்படியே. 2020-ல் வந்த 'என்ட்ரி கிரேடு' ஆர்.எக்ஸ்.78-2வுக்குக் கட்டரே வேண்டாம், கையாலேயே பிய்த்துக்கொள்ளலாம்.

இனி ஆயுதங்கள். நல்ல நிப்பர் ஒன்று. ரிட்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் வாங்கும், ஒரு பக்கம் தட்டையான கட்டரே ஆரம்பத்துக்கு ஏதேஷ்டம். மெல்லிய உப்புத்தாள் 400, 600, 1000 நம்பரில் ஒவ்வொன்று. பழைய எவர்சில்வர் தட்டு ஒன்று. தீர்ந்தது.

1. எல்லாத் துண்டையும் மொத்தமாக வெட்டிக் குவிக்காதீர்கள். துண்டுக்கு நம்பர் சட்டத்தில்தான் இருக்கிறது. வெட்டிவிட்டால் 'பி-14' எது, 'பி-41' எது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

2. ஒரே வெட்டில் ஒட்ட வெட்டாதீர்கள். முதல் வெட்டு கொஞ்சம் தள்ளி. இரண்டாவது வெட்டு கிட்டே. மிச்சமிருக்கும் மொட்டை உப்புத்தாளில் இழையுங்கள். அவசரத்தில் ஒட்ட வெட்டினால் அந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். பூத்தால் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேயுங்கள், ஓரளவு மறையும்.

3. வெட்டும்போது துண்டு பறக்கும். உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெட்டுங்கள், கண்ணுக்கும் நல்லது. லுங்கியோ வேட்டியோ கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவது உத்தமம். விழுகிற துண்டு மடியிலேயே தங்கும். பேன்ட் போட்டால் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும். ஃபேனை அணைத்தால் வேர்க்கும், போட்டால் ஸ்டிக்கர் பறக்கும். சென்னையில் இதற்கு மட்டும் தீர்வு கிடையாது.

4. பெயின்ட் வேண்டாம். முதல் நாலைந்து ரோபோவுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். மெல்லிய கறுப்புப் பேனாவால் உடம்பில் உள்ள கோடுகளில் மட்டும் ஓட்டி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பாதிப் பெயின்ட் வேலை அதிலேயே முடிந்துவிடும். தின்னர் மாதிரி சமாசாரம் மட்டும் மூட்டுப் பக்கம் போகவே கூடாது. உள்ளே இறங்கி பிளாஸ்டிக்கை நொறுக்கிவிடும். ஸ்பிரே அடித்தே தீருவேன் என்பவர்கள் மழை நாளைத் தவிர்க்கவும். காற்றில் ஈரம் இருந்தால் ரோபோ விபூதி பூசின மாதிரி ஆகிவிடும்.

5. ஒரு ராத்திரிக்கு ஒரு அவயவம். இன்றைக்கு இடது கால் என்றால் இடது காலோடு விளக்கை அணையுங்கள். மறுநாள் எட்டு மணி ஷிப்ட் இருக்கிறது.

6. மூன்று வயசுக் குழந்தை இருக்கிற வீடா? பரண் மேல் வையுங்கள். ரோபோவைச் சொல்லவில்லை, வெட்டின துண்டுகளை. குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் விளையாட்டு வினையாகிவிடும்.

பர்ஸும் மனையும்

இனி வலிக்கிற விஷயம். நம் ஊரில் ஒரு சாதாரண எச்.ஜி. கிட்டுக்கு ஆயிரத்தைந்நூறிலிருந்து மூவாயிரம் வரை கேட்கிறார்கள். கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. வெளிநாட்டுப் பொம்மைக்கு 20 சதவிகிதமாக இருந்த சுங்கவரி 2020-ல் 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து குழந்தைகளுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். உள்நாட்டுப் பொம்மைத் தொழில் பிழைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. நியாயம்தான். நடுவில் மாட்டிக்கொண்டது நாம்.

'பாதி விலைக்குத் தர்றேன்' என்று போலியும் வரும். பெட்டி அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். உள்ளே பார்த்தால் முளை லொடலொட, ஓரமெல்லாம் பிசிறு. நாள் பூரா சீவினதையே வீட்டிலும் உட்கார்ந்து சீவ வேண்டியதுதான்.

போலியைவிட ஆபத்தான எதிரி ஒருவர் உண்டு. நாமேதான். கட்டுவதைவிட வாங்குவது சுலபம். சம்பளத் தேதிக்கு ஒரு பெட்டி, போனஸுக்கு இரண்டு பெட்டி, 'ஸ்டாக் தீரப் போகுது' என்று மெசேஜ் வந்தால் இன்னொரு பெட்டி. பீரோ மேல் பெட்டிகள் ஏறிக்கொண்டே போகும், ரோபோ ஒன்றும் இறங்காது. ஜப்பானில் இதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: 'ட்சுமிபுரா'. கட்டாமல் அடுக்கிவைத்த மாடல்கள் என்று அர்த்தம். நமக்குப் புது வார்த்தை எதற்கு? பூந்தமல்லி தாண்டி ரோட்டின் இரண்டு பக்கமும் பாருங்கள். மனை வாங்கி, நாலு மூலையிலும் கல் நட்டு, வருஷத்துக்கு ஒரு தரம் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோமே, அதேதான் இதுவும். மனைக்காவது விலை ஏறும்!

அதனால் ஒரே ஒரு கட்டுப்பாடு: கையில் இருப்பதை நிற்க வைத்துவிட்டுத்தான் அடுத்த பெட்டி. இரண்டு மாசத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு ஆறு. சிகரெட் செலவை நிறுத்தினால் அதற்கு மேலேயே மிஞ்சும்.

'கழுதை வயசாச்சு...'

கடைசித் தடை வீட்டில் இருக்கிறது. "ஏண்டா, கழுதை வயசாச்சு, பொம்மை வெச்சு வெளையாடறே? பொண்ணு வீட்டுக்காரா வந்தா என்னத்தச் சொல்றது?" என்று அம்மா ஆரம்பிப்பாள். கல்யாணம் ஆனவர் வீட்டில், "என்னங்க, அந்தக் குழாய் ஒழுகறதை ஒரு வாரமா பாக்க நேரமில்லே. இதுக்கு மட்டும் எங்கேர்ந்து நேரம் வருது?" என்று கேள்வி வரும். இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. முதலில் குழாயைச் சரி பண்ணுங்கள்.

முதல் கேள்விக்கு பதில் பரண் மேலேயே இருக்கிறது. வருஷா வருஷம் நவராத்திரிக்கு யார் இறக்குகிறார்கள் மரப்பாச்சியையும் செட்டியாரையும்? படி கட்டி, பார்க் போட்டு, குளம் வெட்டி, கண்ணாடியில் வாத்து விட்டு... ஐம்பது வயசுப் பெரியவர்கள் உட்கார்ந்து பொம்மை அடுக்குகிற ஊர் இது. அதில் ஒரு ஓரமாக ஆர்.எக்ஸ்.78-2வை நிற்க வையுங்கள். சுண்டல் வாங்க வருகிற வாண்டுகள் தசாவதாரத்தைத் தாண்டி நேரே அங்கேதான் போய் நிற்கும். ஆயுத பூஜை அன்றைக்கு நிப்பருக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டால் அம்மா பாதி சமாதானம் ஆகிவிடுவாள்.

மீதிப் பாதிக்கு ஒரு வழி சொல்கிறேன். பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு கையை அவர்களையே மாட்டச் சொல்லுங்கள். ஐம்பது வருஷம் அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கின கை அது. நம்மைவிடப் பிசிறில்லாமல் வெட்டும். 'டிக்' என்று உட்கார்ந்ததும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இன்னொரு கை எங்கேடா?" என்று கேட்டால், ஆசாமி நம்ம கட்சி!

வெட்டி மிஞ்சின சட்டங்களைத் தூக்கி எறியாதீர்கள். ஜப்பானில் 2021-லிருந்து கம்பெனியே அவற்றைத் திரும்ப வாங்கி உருக்குகிறது. இங்கே பழைய பேப்பர் கடைக்காரர் இருக்கிறார். அவர் கொடுக்கிற காசில் ஒரு டீ கூட வராது. பரவாயில்லை. சட்டம் வீட்டைவிட்டுப் போன அன்றைக்குத்தான் ஒரு ரோபோ முழுசாக முடிந்தது என்று அர்த்தம்.

ஆகவே, பெட்டி ஏற்கெனவே பீரோ மேல் இருக்கிறவர்கள் இன்றைக்கு ராத்திரியே இடது காலை ஆரம்பிக்கலாம். பெட்டி இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டாம், சம்பளம் வரட்டும்.

குழாய் ஒழுகுகிறவர்கள் மட்டும், முதலில் குழாய்!